இ அன்டிஜன் இல்லை, வைரசு இருக்கிறது: ஹெபடைட்டிஸ் பி-யின் ஏழு புரதங்கள் செய்யும் வேலை

பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கும் பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருவரின் கேள்வி இது. தோட்டத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு, ஈரலைத் தொற்றும் ஹெபடைட்டிஸ் பி வைரசு இருக்கிறது. அவருடைய இரண்டு இரத்தப் பரிசோதனை ரிப்போட்டுகளை வைத்துக் கேட்டிருக்கிறார். முதலாவதில் எஸ் அன்டிஜன் (வைரசின் உறைப் புரதம்) உண்டு, இ அன்டிஜன் (வைரசு சுரக்கும் இன்னொரு புரதம்) இல்லை, இ-க்கு எதிரான பிறபொருளெதிரி உண்டு. ஆனால் வைரசு டி.என்.ஏ. மில்லிலீற்றருக்கு 20 இலட்சம் சர்வதேச அலகு. டெனோபோவிர் என்ற மாத்திரை தொடங்கி இரண்டு வருடம் கழித்து எடுத்த இரண்டாவதில் டி.என்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. எஸ் அன்டிஜன் மட்டும் அப்படியே நிற்கிறது. "இ இல்லையென்றால் வைரசு அடங்கிவிட்டது என்றுதானே படித்தோம்? டி.என்.ஏ.யே இல்லாதபோது எஸ் எங்கிருந்து வருகிறது? எந்தப் புரதம் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று முழுதாகச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

சுருக்கமான விடை: ரிப்போட்டில் உள்ள மூன்று வரிகளும் வைரசின் மூன்று வேறு வேலைகளை அளக்கின்றன. டி.என்.ஏ. வரி, வைரசின் புரதக் கூட்டுக்குள் பொலிமரேசு, அதாவது டி.என்.ஏ. எழுதும் நொதியம், செய்யும் வேலையைச் சொல்கிறது. எஸ் வரி, ஈரற்கலத்தின் கருவுக்குள் இருக்கும் வைரசு டி.என்.ஏ.யிலிருந்து உறைப் புரதம் உற்பத்தியாவதைச் சொல்கிறது. இ வரி, வைரசைக் கட்டுவதில் பங்கே இல்லாத ஒரு புரதத்தைச் சொல்கிறது. ஒன்று நின்றால் மற்றவையும் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏன் என்பதற்கு வைரசு கட்டப்படும் விதத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

இந்த வைரசின் முழுப் பரம்பரைத் தகவலும் ஏறக்குறைய 3,200 எழுத்துகள்தான். மனிதரைத் தொற்றும் டி.என்.ஏ. வைரசுகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று. இடம் போதாததால் நான்கு வாசிப்புச் சட்டகங்கள், அதாவது புரதமாக வாசிக்கப்படும் பகுதிகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஏழு புரதங்கள் வருகின்றன. பொலிமரேசு ஒன்று, கூடு கட்டும் கோர் ஒன்று, அதே கோர் சட்டகத்தில் சற்று முன்னாலிருந்து தொடங்கும் இ அன்டிஜன் ஒன்று, பெரியது நடுத்தரம் சிறியது என மூன்று உறைப் புரதங்கள், கடைசியாக எக்ஸ். எஸ் உறைப் புரதத்தின் சட்டகம் முழுவதும் பொலிமரேசின் சட்டகத்துக்குள்ளேயே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

உள்ளே நுழையும் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். பெரிய உறைப் புரதத்தின் முன்னுனி, ஈரற்கலத்தின் மேற்பரப்பில் பித்த உப்பை உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கடத்திதான் வாசல் என்பது 2012இல்தான் தெரிய வந்தது. உள்ளே போன கூடு கருத்துளை வரை சென்று டி.என்.ஏ.யை ஒப்படைக்கிறது. அந்த டி.என்.ஏ. அரைகுறை வட்டம்: ஒரு இழை முழுது, மற்றது பாதியில் நிற்கும், ஒரு முனையில் பொலிமரேசு ஒட்டிக்கொண்டிருக்கும். கலத்தின் சொந்தத் திருத்த நொதியங்களே அதைச் செப்பனிட்டு, முனையே இல்லாத மூடிய வட்டமாக்கிவிடுகின்றன. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டு, கலத்தின் குட்டிக் குரோமோசோம் போல அந்த வட்டம் உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் மூலப்பிரதி. இன்று நடைமுறையில் இருக்கும் எந்த மாத்திரையும் அதை நேரடியாகத் தொடுவதில்லை.

மூலப்பிரதி இருந்தால் போதாது, அது வாசிக்கப்பட வேண்டும். கலத்தில் எஸ்.எம்.சி. 5/6 என்ற புரதக் கூட்டம் ஒன்று, குரோமோசோமில் சேராத வட்ட டி.என்.ஏ.க்களைப் பிடித்து ஊமையாக்கிவிடும். 154 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட எக்ஸ் புரதம், கலத்தின் சொந்தக் கழிவகற்றும் இயந்திரத்தை இந்தக் கூட்டத்தின் பக்கம் திருப்பி அதை அழிக்க வைக்கிறது. 2016இல் இது வெளியாகும் வரை எக்ஸின் உண்மையான வேலை என்ன என்பதில் பெரும் குழப்பம் இருந்தது. கூடு கட்டுவதில் எக்ஸுக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மூலப்பிரதி வாய் திறக்காது.

வாய் திறந்தால் வெளியே வரும் ஆர்.என்.ஏ.க்களில் முக்கியமானது 3,500 எழுத்து நீளமுள்ள முன்மரபணு ஆர்.என்.ஏ. அதற்கு இரட்டை வேலை. புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஏறினால் கோரையும் பொலிமரேசையும் தரும் தூது. கூட்டுக்குள் ஏறினால் அடுத்த தலைமுறை டி.என்.ஏ.க்கு அச்சு. ஒரே பிரதி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எப்போது எதைச் செய்வது என்பதை முடிவு செய்வது பொலிமரேசு. இந்த இடத்தில்தான் வைரசின் கட்டுப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்த ஆர்.என்.ஏ.யின் முன்முனையில் சுமார் 60 எழுத்துகள் தம்மீதே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கின்றன. இதற்கு எப்சிலன் என்று பெயர். கீழ்த்தண்டு, பக்கவாட்டில் ஆறு எழுத்துப் புடைப்பு, மேல்தண்டு, உச்சியில் ஒரு வளையம். புதிதாகப் பிறந்த பொலிமரேசு, பெரும்பாலும் தன்னைப் பெற்ற அதே ஆர்.என்.ஏ.யின் எப்சிலனைப் பிடிக்கிறது. தனியாகப் பிடிக்க அதனால் முடியாது, எச்.எஸ்.பி. 90 போன்ற கலத்தின் துணைப்புரதங்கள் அதைச் சரியான வடிவத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, ஆர்.என்.ஏ.யைக் கூட்டுக்குள் ஏற்றும் அடையாளம் கிடைத்துவிட்டது. இரண்டு, டி.என்.ஏ. எழுதும் வேலைக்கு அடி போட்டாயிற்று. பிரட்டுக்களத்தில் பெயர் பதியாதவருக்கு அன்றைக்கு மலையில் வேலை இல்லை என்பது போல, பொலிமரேசு பதியாத ஆர்.என்.ஏ.க்குக் கூட்டில் இடம் இல்லை. எப்சிலன் ஆர்.என்.ஏ.யின் இரு முனையிலும் இருந்தாலும் முன்முனையில் உள்ளதுதான் கணக்கு.

இனிக் கூடு. கோர் புரதம் 183 அமினோ அமிலம், வைரசின் சில மரபுவகையில் (ஏ, டி என்று எழுத்திட்ட உள்வகைகள்) 185. முதல் 149 கூடு கட்டும் பகுதி. மீதி ஆர்ஜினின் நிறைந்த, நேர்மின் ஏற்றம் கொண்ட வால். இரண்டு கோர் சேர்ந்து ஒரு சோடி. 120 சோடி சேர்ந்து ஒரு கூடு, அதாவது 240 பிரதி. சிறுபான்மைக் கூடுகள் 90 சோடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு கூட்டுக்கும் 240 கோர் தேவைப்பட, பொலிமரேசு ஒன்றே போதும். அந்த விகிதம் தானாக அமைகிறது: ஆர்.என்.ஏ.யில் பொலிமரேசின் தொடக்கம் கோரின் தொடக்கத்துக்குப் பின்னால் இருப்பதால் ரைபோசோம்கள் அங்கே போய்த் தொடங்குவது அபூர்வம்.

ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையில் உள்ள பிடி மிகவும் தளர்வானது. இது குறை போலத் தோன்றும். உண்மையில் கூடு சரியாக அமைவதற்குக் காரணமே அந்தத் தளர்வுதான். தவறான கோணத்தில் வந்து ஒட்டிய சோடி கழன்று விழுந்து மறுபடி சரியாக ஒட்ட அவகாசம் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான தளர்ந்த பிடிகள் ஒன்றுசேர்ந்தபின் கூடு உறுதியாக நிற்கும். பிடியை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரே நேரத்தில் ஏராளமான இடங்களில் கட்டத் தொடங்கி, சோடிகள் தீர்ந்துபோய், எங்கு பார்த்தாலும் பாதிக் கூடுகளாகக் கிடக்கும். சோதனைக் குழாயில் உப்பின் செறிவை அளவுக்கு மீறி ஏற்றும்போது இதையே காணலாம். கூடு கட்டுவதைக் குழப்பும் புதிய மருந்துகள் இந்தப் பலவீனத்தைத்தான் குறி வைக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வால் பகுதிக்கு வேறு வேலை. நேர்மின் கொண்ட வால் எந்த ஆர்.என்.ஏ.யையும் ஆசையோடு பிடிக்கும். பக்டீரியாவுக்குள் முழுக் கோரை உற்பத்தி செய்தால், கூடுகள் பக்டீரியாவின் கண்ட கண்ட ஆர்.என்.ஏ.யால் நிரம்பியிருப்பதைப் பார்க்கலாம். ஈரற்கலத்தில் அப்படி நடப்பதில்லை. 155, 162, 170ஆம் இடங்களில் உள்ள செரீன்கள் உட்பட வாலின் பல இடங்களில் கலத்தின் கைனேசு நொதியங்கள் பொஸ்பேற்று ஏற்றி அந்த நேர்மின்னைத் தணித்து வைக்கின்றன. எப்சிலனும் பொலிமரேசும் சேர்ந்த சரியான சரக்கு வரும்போது அது உள்ளே ஏற, பொஸ்பேற்று கழல்கிறது, நேர்மின் திரும்புகிறது, உள்ளே ஏறிய ஆர்.என்.ஏ. இறுகப் பிடிபடுகிறது. பொஸ்பேற்று ஏறாமலே இருந்தால் குப்பை ஏறும். கழலாமலே இருந்தால் டி.என்.ஏ. எழுதும் வேலை ஒழுங்காக முடியாது. ஏறுவதும் கழல்வதும் உரிய நேரத்தில் நடக்க வேண்டும். இத்தனை இருந்தும் பெரும்பாலான கூடுகள் ஒன்றும் ஏறாமல் காலியாகவே கட்டி முடிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது பெரியப்பாவின் முதல் ரிப்போட்டுக்கு வருவோம். இ அன்டிஜன் கோரின் தமையன் போன்றது. கோர் 1901ஆம் எழுத்தில் தொடங்குகிறது. இ-யின் முன்வடிவம் அதே சட்டகத்தில் 1814இலேயே தொடங்குகிறது. அந்த முன்பகுதி அதை அகமுதலுருச் சிறுவலைக்குள், அதாவது சுரக்க வேண்டிய புரதங்கள் போகும் கல அறைக்குள், அனுப்பும் முகவரிச் சீட்டு. உள்ளே போனதும் முகவரியின் 19 அமினோ அமிலம் வெட்டப்படும், வால் பகுதியும் வெட்டப்படும், மீதி இரத்தத்துக்குள் சுரக்கப்படும். கோரோடு இவ்வளவு ஒத்திருந்தும் இ ஏன் கூடு கட்டுவதில்லை? முன்பகுதியில் மிஞ்சிய பத்து அமினோ அமிலத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அது தன் உடலிலேயே உள்ள 61ஆம் சிஸ்டீனோடு கந்தகப் பாலம் போட்டுக்கொள்கிறது. கோரில் அந்த 61ஆம் சிஸ்டீன் பக்கத்துக் கோரோடு கைகோர்க்கும். இ-யில் அந்தக் கை தன் மார்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு பாலம் ஒரு புரதத்தைக் கட்டுமானப் பொருளாக இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இ-யின் வேலை நோயெதிர்ப்பை ஏமாற்றி அமைதிப்படுத்துவது என்று கருதப்படுகிறது. தாயிடமிருந்து தொற்றும் குழந்தைக்கு நோய் நிலைத்துவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள்.

ஆகவே, இ இல்லாமலும் வைரசு கட்டப்படும். இ எப்படி இல்லாமல் போகிறது என்பதுதான் அழகான இடம். 1896ஆம் எழுத்து ஜி-யிலிருந்து ஏ-க்கு மாறினால், இ-யின் 28ஆம் குறியம் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) டிரிப்டோபேனிலிருந்து நிறுத்தக் குறியாகிவிடுகிறது. இ அங்கேயே முறிந்துவிடும். கோர் அதற்கு ஐந்து எழுத்து தள்ளித்தானே தொடங்குகிறது, அதற்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதே 1896, எப்சிலன் கொண்டை ஊசியின் கீழ்த்தண்டிலும் இருக்கிறது! அங்கே அதன் எதிர்க்கரையில் உள்ள துணை 1858ஆம் எழுத்து. டி மரபுவகையில் 1858 யூ. ஜி-யோடு யூ சேருவது தள்ளாடும் சோடி. ஏ-யோடு யூ சேருவது சரியான சோடி. எனவே இந்த மாற்றம் எப்சிலனை முன்பைவிட உறுதியாக்குகிறது. ஏ மரபுவகையில் பெரும்பாலும் 1858 சி. அங்கே ஜி-யை ஏ ஆக்கினால் சோடியே முறிந்து, ஆர்.என்.ஏ. கூட்டுக்குள் ஏறுவது கெடும். அதனால்தான் இந்த மாற்றம் டி வகையில் சாதாரணமாகவும் ஏ வகையில் அரிதாகவும் காணப்படுகிறது. தெற்காசியாவில் ஏ, டி இரண்டும் உண்டு. இ இல்லாமல் டி.என்.ஏ. 20 இலட்சம் என்று வரும் ரிப்போட்டைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டியது இந்த 1896ஐ. இரண்டாவது சாத்தியம் 1762, 1764ஆம் எழுத்துகளின் மாற்றம். அது இ-யை ஒழிப்பதில்லை, உற்பத்தியைக் குறைக்கும்.

நீங்கள் படித்த "இ போனால் வைரசு அடங்கும்" என்ற விதி, நோயெதிர்ப்பு வென்று இ போனவர்களுக்குச் சரி. எழுத்து மாறி இ போனவர்களுக்குச் சரி இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது டி.என்.ஏ. அளவும் ஈரல் நொதிய அளவும்தான். இ-யை மட்டும் பார்த்து யாருக்கும் ஆறுதல் சொல்லக்கூடாது.

கூட்டுக்குள் ஆர்.என்.ஏ. ஏறியாயிற்று. இனிப் பொலிமரேசு அதை டி.என்.ஏ.யாக மாற்ற வேண்டும். ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.க்குப் போகும் இந்தத் தலைகீழ் வழியை 1982இல் சம்மர்ஸ், மேசன் என்ற இரு விஞ்ஞானிகள் வாத்து ஹெபடைட்டிஸ் வைரசில் காட்டினார்கள். எல்லா டி.என்.ஏ. எழுத்துக்கும் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். இங்கே பிடிமானம் பொலிமரேசின் உடலே. அதன் 63ஆம் அமினோ அமிலமான டைரோசினில் முதல் எழுத்து ஒட்டப்படுகிறது. எப்சிலனின் புடைப்பை அச்சாக வைத்து மூன்று நான்கு எழுத்து எழுதியதும், பொலிமரேசு அந்தத் துண்டோடு ஆர்.என்.ஏ.யின் மறுமுனைக்குத் தாவுகிறது. அங்கிருந்து முதல் இழையை எழுதிக்கொண்டே போக, பின்னால் அதன் ஆர்.என்.ஏ. வெட்டும் பகுதி பழைய அச்சைத் துண்டு துண்டாக்குகிறது. கடைசியில் வெட்டுப்படாமல் மிஞ்சும் பதினைந்து பதினெட்டு எழுத்து ஆர்.என்.ஏ., இரண்டாவது இழைக்குப் பிடிமானமாக இன்னோர் இடத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் வட்டம். சுமார் பத்தில் ஒரு தடவை அது தாவாமல் நின்ற இடத்திலேயே எழுதத் தொடங்கிவிடும். அப்போது கிடைப்பது வட்டமல்ல, நேர்கோட்டு டி.என்.ஏ. இந்த நேர்கோட்டுத் துண்டுகள்தான் ஈரற்கலத்தின் சொந்தக் குரோமோசோமுக்குள் போய்ச் செருகிக்கொள்கின்றன. வைரசைப் பொறுத்தவரை அது வீண். அங்கிருந்து முழு முன்மரபணு ஆர்.என்.ஏ. வராது. ஆனால் எஸ் புரதத்தின் சட்டகம் அதில் உடையாமல் இருக்கும். இதுதான் பெரியப்பாவின் இரண்டாவது ரிப்போட்டுக்குத் திறவுகோல்.

எழுதி முடிந்த கூட்டுக்கு உறை வேண்டும். தேயிலை ஸ்டோரில் வாட்டம் போதாத கொழுந்தை ரோலரில் போட்டால் சாறு ஒழுகிச் சக்கையாகும். வாட்டம் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில்லை. வைரசும் அப்படித்தான்: ஆர்.என்.ஏ. உள்ள கூட்டையோ ஓரிழை டி.என்.ஏ. உள்ள கூட்டையோ உறைக்கு அனுப்பாது. இரண்டாவது இழை வளரத் தொடங்கிய கூட்டையே அனுப்பும். உள்ளே நடப்பது வெளியே எப்படித் தெரிகிறது? டி.என்.ஏ. வளரும்போது கூட்டின் மேற்பரப்பு நுட்பமாக மாறுகிறது, பெரிய உறைப் புரதம் அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது என்பதே விளக்கம். கோரின் 97ஆம் இடத்தில் ஐசோலியூசின் லியூசினாக மாறிய வைரசு இந்தக் காவலை ஏமாற்றி, முற்றாத கூடுகளை வெளியே விடுகிறது. முற்றிலும் காலியான கூடுகளுக்கும் உறை கிடைக்கிறது. ஓரிழை உள்ளவற்றுக்குத்தான் தடை. உறை மூடியதும் டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருள் வெளியிலிருந்து வருவது நின்றுவிடும். இரத்தத்தில் உள்ள வைரசில் இரண்டாவது இழை பாதியில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

மூன்று உறைப் புரதங்களும் ஒரே வாலைப் பகிர்ந்துகொள்பவை. சிறியது 226 அமினோ அமிலம். அதன் முன்னால் 55 சேர்ந்தால் நடுத்தரம். அதற்கும் முன்னால் மரபுவகையைப் பொறுத்து 108 அல்லது 119 சேர்ந்தால் பெரியது. பெரியதுக்கு ஒரு விசித்திரம் உண்டு: அதன் முன்பகுதி சில பிரதிகளில் சவ்வுக்கு உள்பக்கம் நின்று கூட்டைப் பிடிக்கும், சில பிரதிகளில் வெளிப்பக்கம் திரும்பி அடுத்த கலத்தின் வாசலைப் பிடிக்கத் தயாராக இருக்கும். ஒரே புரதம் இரண்டு பக்கமும் தேவை. சிறியதுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது மற்ற எந்த வைரசுப் புரதமும் இல்லாமல் தானாகவே 22 நானோமீற்றர் உருண்டைகளாகச் சேர்ந்து, கலத்தின் ஏற்றுமதி அறையான கொல்கி வழியாகச் சுரந்துவிடும். உள்ளே கூடும் இல்லை, டி.என்.ஏ.யும் இல்லை. இந்த வெற்று உருண்டைகள் 42 நானோமீற்றர் உண்மை வைரசைவிட ஆயிரம் முதல் இலட்சம் மடங்கு வரை அதிகம். ரிப்போட்டில் எஸ் அன்டிஜன் என்று நாம் அளப்பதில் பெரும்பகுதி இவைதான்.

பெரியதின் அளவு கூடினால் உருண்டைகள் சிறுவலைக்குள்ளேயே தங்கிவிடும். நுணுக்குக்காட்டியில் அப்படிப்பட்ட ஈரற்கலங்கள் உரசிய கண்ணாடி போல மங்கித் தெரியும். பெரியதின் அளவு குறைந்தால் முற்றிய கூடுகளுக்கு உறை கிடைக்காமல் கருவுக்கே திரும்பி மூலப்பிரதியைப் பெருக்கும். வாத்து வைரசில் இது தெளிவாகத் தெரிகிறது, மனித வைரசில் இந்த விளைவு மெலிது.

இனி இரண்டாவது ரிப்போட். டெனோபோவிர் போலி எழுத்து. பொலிமரேசு அதை இழையில் சேர்த்தால் அதற்கு மேல் எழுத முடியாது. எனவே கூட்டுக்குள் டி.என்.ஏ. உருவாகாது, இரத்தத்தில் டி.என்.ஏ. மறைகிறது. ஆனால் மூலப்பிரதி கருவில் இருக்கிறது, எக்ஸ் வேலை செய்கிறது, ஆர்.என்.ஏ.க்கள் வருகின்றன, குரோமோசோமில் செருகிய துண்டுகளும் எஸ்-ஐ எழுதிக்கொண்டிருக்கின்றன. எஸ் உருண்டை கட்டுவதற்குப் பொலிமரேசு தேவையில்லையே! இ இல்லாத நோயாளிகளில் எஸ்-இல் கணிசமான பங்கு செருகிய துண்டுகளிலிருந்து வருகிறது. மாத்திரை மட்டும் குடிப்பவர்களில் எஸ் முற்றாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு, அதற்கும் குறைவு என்ற அளவில்தான். அதனால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று பெரியப்பா நினைக்க வேண்டாம். டி.என்.ஏ. இறங்கியதே மருந்தின் வேலை. தானாக நிறுத்தினால் மூலப்பிரதியிலிருந்து கூடுகள் மறுபடி நிரம்பும். அப்போது வரும் ஈரல் அழற்சி சிலருக்கு உயிராபத்தாகிவிடும். சிறுநீரகத் தொழிற்பாட்டையும் இடையிடையே பார்க்க வேண்டும், அதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டகங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது இங்கே திரும்ப வருகிறது. பொலிமரேசில் மருந்துக்கு எதிரான மாற்றம் வந்தால், அதே எழுத்து எஸ்-இலும் மாறுகிறது. பழைய மருந்தான லாமிவுடினுக்கு எதிரான 204ஆம் இடத்து மாற்றம் எஸ்-இன் 195 அல்லது 196ஆம் இடத்தைத் தொடும். மோசமானது பொலிமரேசின் 181ஆம் இடம் அலனினிலிருந்து திரியோனினாக மாறுவது. அது பல வேளை எஸ்-இன் 172ஆம் இடத்தில் நிறுத்தக் குறியை வைத்துவிடும். அரைகுறை எஸ், நல்ல எஸ்-ஐயும் சேர்த்துப் பிடித்துக் கலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வைரசு உள்ளே பெருகும், வெளியே வராது, இரத்தத்தில் டி.என்.ஏ. குறைவாகக் காட்டும். மருந்து வேலை செய்வதாக நம்மை நம்பவைத்து ஏமாற்றும் ரிப்போட் இது. ஈரல் நொதியம் ஏறியபடி டி.என்.ஏ. மட்டும் குறைவாக இருந்தால் இதையும் நினைக்க வேண்டும்.

கூடு கட்டுவதைக் குழப்பும் மருந்துகள் பற்றிச் சொன்னேன். அவை கோர்ச் சோடிகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்து பிடியை இறுக்குபவை. ஒரு வகை, கூட்டையே கோணல் மாணலாக்கும். மற்ற வகை, பொலிமரேசும் ஆர்.என்.ஏ.யும் வருவதற்குள் அவசரமாகக் காலிக் கூடுகளைக் கட்ட வைக்கும். டெனோபோவிரோடு ஒப்பிட இவற்றின் தனிச்சிறப்பு, ஆர்.என்.ஏ. ஏறிய கூடுகளும் குறைவது. அளவு கூடினால் புதிதாக நுழையும் கூடுகளையும் உடைத்து மூலப்பிரதி உருவாவதைத் தடுப்பது. ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மூலப்பிரதியை இவையும் அசைப்பதில்லை.

புரதம் ஒன்றே தொழிலை மாற்றுவதற்குச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் ஹெபடைட்டிஸ் டெல்டா என்ற வைரசைப் பாருங்கள். அதற்குச் சொந்த உறை இல்லை, பி-யின் உறைப் புரதங்களைக் கடன் வாங்குகிறது. அதன் புரதம் ஒன்றுதான், இரண்டு நீளத்தில். 195 அமினோ அமிலம் கொண்ட சிறியது பெருக்கத்துக்கு உதவும். கலத்தின் ஒரு நொதியம் ஆர்.என்.ஏ.யில் உள்ள நிறுத்தக் குறியின் ஓர் எழுத்தைத் திருத்திவிட, மேலும் 19 சேர்ந்து 214 கொண்ட பெரியது பிறக்கும். அது பெருக்கத்தை அடக்கிக் கட்டுமானத்தைத் தொடங்கும். அதன் 211ஆம் சிஸ்டீனில் கொழுப்புச் சங்கிலி ஒன்று ஒட்டினால்தான் எஸ்-ஐப் பிடிக்க முடியும். லோனாபார்னிப் என்ற மருந்து அந்த ஒட்டலைத் தடுப்பது.

ஆய்வுகூடத்தில் வேலைக்குப் போகும்போது உங்களுக்கு உதவும் சில விசயங்கள். டி.என்.ஏ. அளவுக்கு, உறைதலைத் தடுக்கும் ஹெப்பரின் போட்ட குழாயில் இரத்தம் எடுத்தால், டி.என்.ஏ.யைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். சோதனையின் நொதியமே முடங்கி, அளவு பொய்யாகக் குறையும். ஈ.டி.டி.ஏ. என்ற வேறு உறைதல் தடுப்பி போட்ட குழாய் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் திரவவிழையத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரே படியில் செய்யும் எஸ் சோதனையில் எஸ் அளவு மிகவும் கூடியிருந்தால் பிறபொருளெதிரிகள் எல்லாம் தனித்தனியே நிரம்பி விடை குறைவாகவோ இல்லையென்றோ வரலாம். ஐமிச்சமிருந்தால் மாதிரியை ஐதாக்கித் திரும்பச் செய்யுங்கள். எஸ்-இன் 145ஆம் இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறியிருந்தால் சில சோதனைகள் அதைப் பார்க்கவே பார்க்காது.

வீட்டாருக்கு: இது பீலித் தண்ணீராலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வருவதல்ல. தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலை ஏ-யும் ஈ-யும். பி பரவுவது இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும். காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாளாவது உயிர்த்திருக்கும் என்பதால் சவர பிளேட்டை லயத்தில் யாரும் பகிரக்கூடாது. பெரியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எஸ் அன்டிஜனும் எஸ்-க்கு எதிரான பிறபொருளெதிரியும் பார்த்து, இரண்டும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். இலங்கையில் 2003இலிருந்து குழந்தைகளுக்கு இது அட்டவணையில் இருக்கிறது. இன்று 2, 4, 6 மாதத்தில் ஐந்து கூட்டு ஊசியில் வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களை விசாரித்துத்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தில் கர்ப்பிணி யாருக்காவது எஸ் இருந்தால், பிள்ளைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி வேண்டும் என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த ஊசியில் இருப்பது, மதுவத்தை (ஈஸ்ட்) வைத்துச் செய்த சிறிய எஸ் புரதம் மட்டும்தான். தானாகச் சேர்ந்த அதே உருண்டை, அலுமினியம் உப்பில் ஒட்டியிருக்கிறது. வெயிலைவிட இதற்குப் பெரிய எதிரி உறைபனி. -0.5 பாகையிலேயே உறைந்து, அலுமினியம் திரண்டு, ஊசி வீரியம் இழந்துவிடும். நுவரெலியாப் பக்கம் மாசி மாதக் குளிரில் வெளியே வைத்த பெட்டியிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்த குப்பியிலும் இது நடக்கலாம். 2 முதல் 8 பாகை, அதற்குக் கீழே வேண்டாம். சந்தேகம் வந்தால், அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துப் பாருங்கள். சந்தேகக் குப்பியும் உறைந்த குப்பியின் வேகத்திலேயே அடியில் படிந்தால் அதை யாருக்கும் ஏற்றக்கூடாது.